நல்லா இருக்கும்போதும் வாங்க

எங்கள் பக்கத்தில் மலத்தோடு ரத்தம் போனால் முதல் பழி மூலத்தின் மேல்தான் விழும். பெரியபாளையத்திலிருந்து ஒரு பக்கம் செங்குன்றம் வரைக்கும், இன்னொரு பக்கம் ஊத்துக்கோட்டை வரைக்கும் மதில்களிலும் மின்கம்பங்களிலும் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். ரத்தம் கண்டவர் உடம்புச் சூடு என்று முதலில் வெந்தயமும் மோரும் குடிப்பார். கேட்கவில்லை என்றால் மெடிக்கலில் நாலு மாத்திரை. அதற்கும் கேட்கவில்லை என்றால் மூலத்துக்குக் களிம்பு. இடையில் ஆடி வந்துவிட்டால் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக ஒரு வேண்டுதல். இத்தனையும் ஆன பிறகுதான் ஊர் டாக்டரான என் முன்னால் வந்து உட்காருவார். “வயித்தால போவுது சார். நாலு மாசமா.”

இந்த வரிசையை நான் கேலி செய்வதில்லை. ரத்தம் பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவோ வந்துபோகும் சீதபேதியாகவோதான் இருக்கும். மோரும் மாத்திரையும் அவர்களுக்குப் போதும். மீதிப்பேரைப் பிரித்தெடுப்பதுதான் என் வேலை. அதற்கு நான் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. ரத்தம் மலத்தின் மேல் தனியாகச் சொட்டுகிறதா, சளியோடு கலந்து வருகிறதா? எத்தனை வாரமாக? எடை குறைந்திருக்கிறதா, பழைய பேன்ட் இடுப்பில் நிற்கிறதா? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிகம் காது கொடுப்பேன். பதற்றத்தாலும் சாப்பாட்டாலும் கலங்குகிற வயிறு ராத்திரியில் பெரும்பாலும் தூங்கிவிடும். வீங்கிப் புண்ணான குடல் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆளை எழுப்பும்.

நாட்பட்ட குடல் அழற்சி என்று நாங்கள் சொல்வதில் முக்கியமாக இரண்டு நோய்கள் அடக்கம். ஒன்று அல்சரேடிவ் கொலைட்டிஸ். அது பெருங்குடலின் உள்தோலை மட்டும் பிடிக்கும். சுவரில் ஈரம் தரையிலிருந்து ஏறுவதுபோல, மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே பரவும். ரத்தமும் சளியும் அவசரமும் இதன் அடையாளங்கள். மற்றது கிரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், விட்டுவிட்டு வரும், குடல் சுவரின் முழுக் கனத்தையும் துளைக்கும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் வலது அடிவயிற்றில்தான் அதிகம் குடியிருக்கும். அங்கே தழும்பாகிக் குடல் குறுகினால் சாப்பிட்டதும் வயிறு உப்பும், முறுக்கும், வாந்தி வரும். ஆசனவாயைச் சுற்றிச் சீழ் கட்டித் துளை விழுவதும் உண்டு. பௌத்திரம் என்று மறுபடி மறுபடி கத்தி வைத்துக்கொண்ட சிலருக்கு உள்ளே கிரோன் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கொலைட்டிஸுக்கு அந்தப் பெயரை 1859-இல் லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் வைத்தார். இரண்டாவது நோயை 1932-இல் நியூயார்க்கில் பர்ரில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் விவரித்தார்கள்.

நான் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் இவை வெள்ளைக்காரர்களின் நோய்கள் என்றுதான் பேச்சு. நமக்கு அமீபா, டைபாய்டு, காசநோய். அவர்களுக்குக் கொலைட்டிஸ், கிரோன். இந்தப் பங்கீடு நிற்கவில்லை. லூதியானாவைச் சேர்ந்த மருத்துவர்கள் பஞ்சாபில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்டார்கள். லட்சம் பேரில் 44 பேருக்குக் கொலைட்டிஸ் இருந்தது. அதற்கும் முன்பே, 1992-இல், இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய இந்தியர்களை ஆராய்ந்த குழு, அவர்களிடம் கொலைட்டிஸ் உள்ளூர் வெள்ளையர்களைவிடக் கூடுதலாகவே இருப்பதைக் காட்டியது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஸ்டான்லியில் குடல் நோய்ப் பேராசிரியராகப் பணியாற்றிய வி. ஜெயந்தி. நம் ரத்தத்தில் இந்த நோய்க்கு இடம் எப்போதும் இருந்திருக்கிறது. தேடிப் பார்க்கக் கொலனோஸ்கோப் என்ற குடல்நோக்கிக் குழாயும், பார்த்ததை நம்ப மனதும்தான் இல்லாமல் இருந்தன.

பெரியபாளையம் சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். மல்லிகைத் தோட்டமும் நெல்லும் ஒரு பக்கம். ஆரணி, புதுவாயல் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. ஆகவே என் நோயாளிகளில் விடியற்காலையில் பூ பறிக்கிறவர்களும் உண்டு, விடியற்காலையில் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் எட்டுப் பேர் பத்துப் பேர் படுத்து எழுகிற தொழிலாளர்களும் உண்டு. வலது அடிவயிற்று வலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்று அப்படி ஒருவர் வரும்போது, இந்த நோயின் மிகக் கடினமான கேள்வி மேஜைமேல் வந்து விழுகிறது. இது கிரோனா, குடல் காசநோயா?

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அந்தக் கிருமி நுரையீரலில் மட்டும் தங்குவதில்லை. குடலில் அது விரும்பிப் பிடிக்கும் இடமும் அதே வலது அடிவயிற்று மூலைதான். அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேனிலும் குடல் தடித்தே தெரியும். குழாய் விட்டுப் பார்த்தால் இரண்டிலும் புண். ஆனால் சிகிச்சையோ நேர் எதிர். கிரோனுக்கு நோய் எதிர்ப்பை அடக்க வேண்டும். காசநோயாளிக்கு எதிர்ப்பை அடக்கினால் கிருமி உடம்பெல்லாம் பரவும். வேறோர் ஊரில் யாரோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டைத் தின்று, முதல் வாரம் பசி எடுத்து, முகம் உப்பி, ‘தேறிட்டேன்’ என்று மகிழ்ந்து, அடுத்த மாதம் வயிற்றில் நீர் கோத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நேர்மாறாக, கிரோன் நோயாளிக்கு ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தால் ஈரல் அடிபடலாம். அந்த ஆறு மாதத்தில் குடலும் குறுகிப்போகலாம்.

பிரித்தறியச் சில குறிப்புகள் உண்டு. காசநோய்ப் புண் குடலின் குறுக்கே ஓடும், கிரோன் புண் நெடுக்கே ஓடும். சிறுகுடல் பெருங்குடலில் திறக்கும் வாயிலில் உள்ள மடிப்பு காசநோயில் அகலத் திறந்து கிடக்கும். வயிற்றில் நீர், நெஞ்சுப் படத்தில் பழைய தழும்பு, நடுவில் அழுகிய நெறிகட்டி என்றால் காசநோய் பக்கம் சாயலாம். ஆசனவாயில் துளை, வாயில் புண், மூட்டுவலி, மலத்தில் ரத்தம் என்றால் கிரோன் பக்கம். திசுவை நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டிலும் கிரானுலோமா என்கிற அணுக்கட்டிகள் இருக்கலாம். அவற்றின் அளவும், எண்ணிக்கையும், ஒன்றோடொன்று சேரும் விதமும் வேறுபடும் என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அன்னா புலிமூட் உள்ளிட்ட குழுவினர் 1999-இல் தெளிவாக எழுதினார்கள். புண்ணிலிருந்து மட்டும் அல்லாமல், குடலின் பல பகுதிகளிலிருந்தும் திசு எடுக்க வேண்டும் என்பது அவர்களிடமிருந்து நாங்கள் கற்றது. சளிப் பரிசோதனையில் அவ்வளவு கைகொடுக்கும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவி, குடல் திசுவில் பல சமயம் காசநோயைத் தவறவிட்டுவிடும். அதில் இல்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தமாகாது.

இத்தனையும் பார்த்த பிறகும் முடிவு சொல்ல முடியாத ஆட்கள் மிஞ்சுவார்கள். அவர்களுக்குக் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டுக் காத்திருப்போம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். நோயாளியின் வாயிலிருந்து வரும் ‘பரவால்ல சார்’ இங்கே செல்லாது. கிரோன் இருப்பவருக்குக்கூட அந்த மருந்தில் கொஞ்ச நாள் சுகம் தெரியும். புண் ஆறத் தொடங்கியிருக்கிறதா என்பதுதான் சாட்சி. ஆறியிருந்தால் காசநோய், ஆறு மாதத்தையும் முடிக்க வேண்டும். அப்படியே இருந்தால் கிரோன், அல்லது மருந்துக்கு மசியாத காசநோய். மறுபடி யோசிக்க வேண்டும்.

வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாதம் போதும் என்ற நம்பிக்கை நமக்குச் சென்னையிலிருந்தே வந்தது. சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் ஆறு மாத மருந்தையும் பன்னிரண்டு மாத மருந்தையும் ஒப்பிட்டு, ஐந்து ஆண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 1997-இல் முடிவை வெளியிட்டது. காசநோயாளியை விடுதியில் அடைத்து வைக்க வேண்டாம், வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியதும் அதே மையம்தான். இன்று மருந்து அரசிடம் இலவசம். சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். இது தெரியாமல் மருந்துக்குக் காசில்லை என்று நடுவில் விட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே, மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே அவர்களுடைய சொந்த ஊர் முகவரியையும் அங்குள்ள அரசு மருத்துவமனையின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்வது என் பழக்கம்.

கொலைட்டிஸ் வேறு வகைச் சோதனை. அதைக் கண்டுபிடிப்பது கிரோன் அளவுக்குச் சிக்கல் இல்லை. அமீபாவையும் மற்றத் தொற்றுகளையும் மலப் பரிசோதனையில் விலக்கி, குழாய் விட்டு, திசு எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதோடு வாழ்வதுதான் சிக்கல். சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வேலை நிமித்தம் அடிக்கடி கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போக வேண்டியிருந்தது. அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. எந்த ஸ்டேஷனில் கழிப்பறை திறந்திருக்கும், எதில் பூட்டியிருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். வெளியே போகும் நாளில் காலையிலிருந்து பட்டினி. பட்டறையில் ஒரு ஷிப்டுக்குள் ஐந்தாறு தடவை எழுந்து போனால் சூப்பர்வைசர் முகம் மாறும். அதனால் மேலதிகாரியிடம் சொல்ல முடியாமல், வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, மெலிந்து, ரத்தம் குறைந்து, படியேறினால் மூச்சு வாங்கும் நிலையில்தான் வந்தார்.

அவருக்குக் கொடுத்த மருந்து புதிதல்ல. சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாத நோயாளிகளுக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின், குடல் புண்ணையும் ஆற்றுகிறது என்று 1940-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அதில் வேலை செய்யும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்ததுதான் இன்றைய மெசலமின். மாத்திரையாக உண்டு, ஆசனவாய் வழியே வைக்கும் குளிகையாக உண்டு, எனிமாவாகவும் உண்டு. நோய் மலக்குடலோடு நிற்கும்போது வாய் மாத்திரையைவிடக் கீழிருந்து வைக்கும் மருந்துதான் நன்றாகப் பிடிக்கும். இதை எங்கள் ஊரில் விளக்கி ஒப்புக்கொள்ள வைப்பது பெரும்பாடு. “மாத்திரை எத்தினி வேணா குடு சார், முழுங்கிடறேன். அது மட்டும் வேணாம்” என்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, ராத்திரி படுக்கும்போது வைத்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு வாரம் மட்டும் என்று பேரம் பேசுவேன். ரத்தம் நின்றதும் அடுத்த மாதத்துக்கு அவர்களே கேட்பார்கள்.

இனிதான் என் தொழிலின் உண்மையான வேலை தொடங்குகிறது. ரத்தம் நின்ற நாளில் இருந்து நோயாளி என்னைப் பார்க்க வரமாட்டார். குணமாகிவிட்டது, இனி எதற்கு மருந்து? இது நம் எல்லோருக்கும் உள்ள கணக்குதான். காய்ச்சலுக்கு அது சரி. கொலைட்டிஸில் ரத்தம் நிற்பது பாதி வழி. குடலின் உள்தோல் ஆற அதற்குப் பிறகும் மாதங்கள் ஆகும். அதன் பிறகும் மெசலமினைத் தொடர்ந்து சாப்பிடுகிறவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. நிறுத்தியவர்களில் பலர் ஓராண்டுக்குள் மறுபடி ரத்தத்தோடு வருவார்கள். அதனால் நான் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி, இப்போது அவர்களே எனக்குத் திருப்பிச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “நல்லா இருக்கும்போதும் வாங்க.” அப்படி வந்தால் எடை பார்ப்பேன். ஹீமோகுளோபின் பார்ப்பேன். கையில் காசு இருந்தால் மலத்தில் கால்புரொடெக்டின் அளவைப் பார்க்கச் சொல்வேன். உள்ளே வீக்கம் இருந்தால் அறிகுறி எதுவும் வெளியே தெரியும் முன்பே அந்த அளவு ஏறிவிடும்.

நோய் திரும்புவதற்கு மருந்தை நிறுத்துவது ஒரு காரணம் என்றால், வலி மாத்திரை இன்னொன்று. குடல் அழற்சி குடலோடு நிற்பதில்லை. முழங்கால் வீங்கும், இடுப்பு பிடிக்கும், கண் சிவக்கும், காலில் சிவந்த முடிச்சுகள் வரும். மூட்டு வலி என்றதும் டைக்ளோபினாக் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. மூட்டு சரியாகும், குடல் கிளம்பிவிடும். மூட்டுவலிக்கு எந்த மாத்திரை போட்டாலும் என்னைக் கேட்டுப் போடுங்கள் என்று சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதித் தருகிறேன்.

“இது எதனால வந்துச்சு?” என்று கேட்காதவர் யாரும் இல்லை. காரத்தாலா, சூட்டாலா, கவலையாலா, சிப்காட் தண்ணீராலா, யாராவது ஏதாவது வைத்துவிட்டார்களா? எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நான் சொல்லும் பதில் கொஞ்சம் நீளமானது. பிறவியில் வரும் சாய்வு கொஞ்சம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வாய்ப்பு கூடும். ஆனால் பரம்பரை மட்டும் போதாது. நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றோடு உடம்பின் காவல் படை ஒத்துப்போகப் பழகியிருக்கிறது. அந்த ஒப்பந்தம் முறியும்போது காவல் படை சொந்தக் குடலையே தாக்குகிறது. முறிப்பவை பல: குழந்தைப் பருவத்தில் அடிக்கடி தின்ற ஆன்டிபயாடிக், மாறிப்போன சாப்பாடு, நகர வாழ்க்கை. இந்தியா உள்ளிட்ட 21 நாடுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், பாக்கெட் தீனி, குளிர்பானம், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றை அதிகம் தின்றவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறைவாகத் தின்றவர்களைவிட 80 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. பீடி சிகரெட் விஷயம் விசித்திரமானது. கிரோனை அது மோசமாக்கும். கொலைட்டிஸோ புகைப்பதை விட்டவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இதைக் கேட்டதும் ஒருவர் பாக்கெட்டைத் தடவினார். அந்தக் கணக்கில் நெஞ்சும் நுரையீரலும் சேரவில்லை என்று சொல்லி உட்கார வைத்தேன்.

காரம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. கவலையும் உண்டாக்குவதில்லை, ஏற்கனவே இருப்பதைக் கிளப்பிவிடலாம். ஆலைக் கழிவு நிரூபிக்கப்பட்ட காரணங்களில் இல்லை. கழிவு கலந்த தண்ணீரை எதிர்க்க வேறு ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. இதை அதில் சேர்க்க வேண்டியதில்லை. செய்வினை பற்றிப் பேச வரும் பாட்டிகளிடம் நான் வாதாடுவதில்லை. “அம்மனுக்குப் பொங்கல் வைங்க, மாத்திரையும் முழுங்கட்டும்” என்பேன். “ரெண்டும் செய்றோம் நைனா” என்பார்கள். செய்யவும் செய்வார்கள்.

அடுத்த கேள்வி மஞ்சள். வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். மஞ்சளை நான் தள்ளுவதில்லை, அதில் உண்மை இருக்கிறது. ஜப்பானில் 2006-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. பிறகு 2015-இல் 3 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் பலன் தெரிந்தது. டெல்லி எய்ம்ஸில் அரை கிராமுக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு. 3 கிராம் வேண்டுமென்றால் தினம் 100 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். பாலில் ஒரு சிட்டிகை போடுவது நாவுக்கு நல்லது. நோய்க்கு அது மருந்தின் அளவில்லை. முக்கியமாக, அந்த ஆய்வுகளில் பலன் கண்டவர்கள் மெசலமின் வகை மருந்தை நிறுத்தவில்லை. மஞ்சளை மட்டும் நம்பி மருந்தை நிறுத்துகிறவருக்கு அந்த ஆய்வு துணை நிற்காது.

சாப்பாட்டில் நான் கெடுபிடி காட்டுவது குறைவு. நோய் கிளம்பியிருக்கும் வாரங்களில் குழைந்த சோறு, ரசம், இட்லி, முட்டை, மீன் என்று இருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மோர். கிரோனில் குடல் குறுகியிருந்தால் மட்டும் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, கரும்பு, பலாச்சுளை வேண்டாம்; அடைத்துக்கொள்ளும். நோய் அடங்கியதும் வீட்டில் எல்லோரும் தின்பதைத் தின்னலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தியம் என்ற பெயரில் வருடக்கணக்காகக் கஞ்சியிலேயே வைத்திருந்து, நோயால் மெலிந்ததைவிடப் பத்தியத்தால் அதிகம் மெலிந்த பிள்ளைகள் வருகிறார்கள். வளர்கிற வயதில் கிரோன் வந்த பிள்ளைக்கு ஊட்டம்தான் மருந்து. முழுக்கத் திரவ ஊட்ட உணவிலேயே ஆறு முதல் எட்டு வாரம் வைத்துப் புண்ணை ஆற்றும் முறைகூட உலகமெங்கும் நடப்பில் உள்ளது.

கல்யாணம் இன்னொரு முடிச்சு. பெண்ணுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று மறைப்பார்கள். புகுந்த வீட்டில் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்து, நாலு நாள் விட்டு, நோய் கிளம்பி வருவார்கள். மாமியாரையே அழைத்துவரச் சொல்லி, இது ஒட்டுவாரொட்டி இல்லை, பிள்ளை பெறலாம் என்று நேரில் சொன்ன பிறகு பல வீடுகளில் அடங்கியிருக்கிறது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பதுதான் நல்லது. கர்ப்பத்திலும் மெசலமினை நிறுத்தக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து மருந்தால் வருவதைவிட நோயால் வருவது அதிகம். ஆண்களிடம் நான் மறக்காமல் சொல்வது வேறொன்று. விலை குறைவான சல்ஃபாசலசின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். மருந்தை மாற்றினால் சில மாதத்தில் பழையபடி திரும்பும். பிள்ளையில்லை என்று மருமகளைக் கோயில் கோயிலாக அலைய வைத்த ஒரு குடும்பத்தில், மகனுடைய மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வருடம் பேரனோடு வந்தார்கள்.

எல்லோருக்கும் மெசலமின் போதாது. ஸ்டீராய்டு நெருப்பை அணைக்கும், வீட்டைக் காவல் காக்காது. ஆகவே மெல்லக் குறைத்து நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்புகிறது என்றால் அசாதயோபிரின். அதைத் தொடங்கிய முதல் மாதங்களில் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ண வேண்டும். நம் நாட்டில் சிலருக்கு உள்ள ஒரு மரபணு வேறுபாட்டால் வெள்ளணுக்கள் சடாரென்று விழும், தலைமுடி கொத்தாகக் கொட்டும். அதற்கும் மேலே இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள். இன்ஃப்ளிக்சிமாப் அமெரிக்காவில் கிரோனுக்கு 1998-இல் அனுமதி பெற்றது. பெற்ற சில ஆண்டுகளிலேயே, உறங்கிக் கிடந்த காசநோயை அது எழுப்பிவிடுகிறது என்பதும் தெரிந்தது. நெஞ்சுப் படமும் காசநோய்ச் சோதனையும் இல்லாமல் அந்த ஊசியை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது. டோஃபாசிடினிப் மாத்திரையாக வந்தது, விலையும் இங்கே இறங்கியது. அதற்கும் அதே முன்சோதனைகள்தான். இந்த மருந்துகளைத் தொடங்குவது குடல் நோய் நிபுணரின் வேலை. தொடங்கிய பிறகு ரத்தப் பரிசோதனை தேதி தவறாமல் நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

தேதி என்றில்லாமல் மணி நேரக் கணக்கு பார்க்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955-இல் வகுத்த அளவுகோலை இன்னும் மேஜைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறேன். ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தபேதி. அதோடு நாடி 90-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ரத்தம் வெகுவாகக் குறைந்திருந்தாலோ அது கடுமையான கொலைட்டிஸ். அவருக்கு வீட்டில் இடமில்லை. பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையும் கூடாது. குடல் வீங்கி வெடிக்கும் நிலைக்குப் போய்விடும். ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் பவானி அம்மன் கோயில் கூட்டத்தால் எங்கள் சாலை நகராது. ஒரு முறை சனிக்கிழமை மாலையே அப்படி ஒருவரைப் பார்த்ததும், விடிந்தால் வண்டி போகாது என்று 108-ஐ அழைத்து அன்றிரவே ஸ்டான்லிக்கு அனுப்பினேன். ஊசி வழியாக ஸ்டீராய்டு கொடுத்து மூன்றாம் நாள் கணக்குப் பார்ப்பார்கள். அதற்குள் இறங்காவிட்டால் அடுத்த மருந்து, அல்லது பெருங்குடலை எடுக்கும் அறுவை. குடலை எடுப்பது என்றதும் குடும்பமே நடுங்கும். எடுத்த பிறகு சிறுகுடலிலேயே பை அமைத்து இயல்பாக வெளிக்குப் போக வைக்க முடியும். காலம் கடத்தாமல் செய்தால் உயிரைக் காப்பது அந்த அறுவைதான்.

பெருங்குடல் முழுக்கக் கொலைட்டிஸ் பரவியவர்களுக்கு, நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனதும் புற்றுநோய்க்காகக் குழாய் விட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டும். நோயாளிக்கு அப்போது எந்தத் தொந்தரவும் இருக்காது. எட்டு ஆண்டுக்கு முன் வெளியூர் மருத்துவமனை கொடுத்த அட்டை மழையில் நனைந்து போயிருக்கும். ஞாபகம் வைத்திருக்க வேண்டியது யார்?

திருவள்ளூரில் 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்து இளம் டாக்டர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். இந்த நோயைக் கண்டுபிடிக்கும் குழாயும், அறுவை அரங்கும், விலை கூடிய ஊசியும் நகரத்தில் இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பக் குழாய் விட வேண்டும், இந்த மாதம் வெள்ளணு எண்ண வேண்டும், இந்த வருடம் எட்டாவது வருடம் என்பதை நகரத்து மருத்துவமனையால் ஒவ்வொருவருக்கும் நினைவில் வைத்திருக்க முடியாது. நம்மால் முடியும், நோயாளி நம் தெருவில்தான் நடந்து போகிறார். ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், நோய் தொடங்கிய ஆண்டு, கடைசியாகக் குழாய் விட்ட தேதி, இப்போது சாப்பிடும் மருந்து, அடுத்து வர வேண்டிய நாள், வீட்டில் இன்னொருவருடைய போன் நம்பர். வர வேண்டிய நாளில் வரவில்லை என்றால் அன்றைக்கே கூப்பிடுங்கள். நல்லா இருக்கேன் சார் என்பார். அதனால்தான் கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.